பிரான்ஹாவா மான்ஸ்டர்ஸா? துட்டு இல்லாம எடுத்த ரெண்டு ஜந்து படம்

லீவுக்கு வந்த சித்தப்பா பெரியப்பா மக்க எல்லாருக்குமா மொட்டமாடில ப்ரொஜக்டர் கட்டி ஒரு ஜந்து படம் போடலாம்னு பேசுனப்ப கடைசில நின்னது ரெண்டு படம், 1978ல ஜோ டாண்டே எடுத்த, ஆளக் கடிச்சுத் திங்குத மீன் படம் பிரான்ஹா, 2010ல கேரத் எட்வர்ட்ஸ் எடுத்த மான்ஸ்டர்ஸ். நான் பிரான்ஹாவத்தான் போட்டேன், இப்பவும் அதுக்குத்தான் என் ஓட்டு.

ரெண்டு மேலயும் வழக்கமா வைக்க குத்தம் தெரிஞ்சதுதான். பிரான்ஹா, சுறா படமான ஜாஸப் பாத்து எடுத்ததுன்னு சொல்லுவாங்க, ஆமா அப்படித்தான், அத அந்தப் படமே மறைக்கல. மான்ஸ்டர்ஸ்ல மான்ஸ்டரே இல்லம்பாங்க, அதுவும் பாதி நெசம்.

என்னக் கேட்டா இந்த மாதிரி படத்துக்கு ஒரே பரீட்சதான், ரெண்டாவது தடவ உக்காந்து பாக்க முடியுதா. மொதத் தடவ எந்த ஜந்துவும் பயங்காட்டிரும், அது ரப்பர்னு தெரிஞ்ச பொறவும் பயங்காட்டுதாங்கறதுதான் விஷயம். பிரான்ஹாவுல மீனெல்லாம் குச்சில மாட்டுன ரப்பர் பொம்மைதான், ஆனா நொடிக்கு 24 ஃப்ரேம் எடுக்க வேண்டிய இடத்துல 8 ஃப்ரேம்ல எடுத்து ஓட்டுனதால அது மூணு மடங்கு வேகத்துல பாயுது, கண்ணு ஒரு மீனப் பிடிக்கதுக்குள்ள அடுத்த ஷாட் வந்துருது, தண்ணி செவந்துருது, நீங்க பாக்காத மீத மீன உங்க மனசே சேத்துக்கிடுது. துட்டு இல்லாத குறைய வேகத்த வச்சு மூடிருக்காங்க, அதனாலதான் எத்தன தடவ பாத்தாலும் அது பழசாகல.

இன்னொன்னு, அந்தக் கதை ஆத்தோட கதை. வியட்நாம் சண்டைக்குன்னு ராணுவம் வளத்த மீன், குளிர்ந்த தண்ணிலயும் சாகாது, ஆளத் தேடி வந்த ரெண்டு பேரு விவரம் தெரியாம குளத்தத் தொறந்து விட்டுருதாங்க. அதுக்கப்புறம் அது கீழ கீழ எறங்கி வருது, பிள்ளைய நீந்துத கேம்ப், புதுசா தொறந்த ரிசார்ட்டுன்னு. நம்ம ஊர்க்காரனுக்கு இது தனியாவே உறைக்கும், தாமிரபரணில, பாபநாசத்துல தொறந்தா அம்பை, சேரன்மாதேவி தாண்டி குறுக்குத்துறை படித்துறைக்கு வந்துதான ஆவணும், நம்ம கால நனைக்குத தண்ணி அதுதான. பெரிய படமே கை வைக்கத் தயங்குத இடம் அந்தப் பிள்ளையளோட கேம்ப், இவங்க தயங்கல. நடுவுல லேப்ல ஸ்டாப் மோஷன் ஜந்து ஒண்ணு, அதாவது பொம்மைய கொஞ்சங் கொஞ்சமா நகத்திப் படம் புடிச்சது, நடந்து வரும், கதைக்கு அது தேவையே இல்ல, இருந்தாலும் ஜந்து பொம்மைய அசைக்கதுல பேர் வாங்குன ஃபில் டிப்பெட் கைவேல, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மான்ஸ்டர்ஸ மட்டமாச் சொல்லல. வேத்துக்கிரக ஜந்து நடமாடுத பகுதிய ஒரு ஆணும் ஒரு பொண்ணும் தாண்டிப் போற கதை அது. 5 லட்சம் டாலருக்குள்ள, எழுதுனது, கேமரா புடிச்சது, கிராபிக்ஸ் போட்டது எல்லாம் ஒரே ஆளு, நெனைச்சுப் பாக்கவே மலைப்பா இருக்கு. பெட்ரோல் பங்க்ல ரெண்டு ஜந்தும் ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிடுத இடம் அழகுன்னா அப்படி ஒரு அழகு. மொத சீன்தான் கதையோட கடைசின்னு ரெண்டாவது தடவதான் புரியும், அந்த ஒரு விஷயத்துக்காக இன்னொரு தடவ பாக்கலாம். ஆனா நடுவுல ரெண்டு பேரும் படகுலயும் காட்டுலயும் போற நேரம், என்ன வரப்போவுதுன்னு தெரிஞ்ச பொறவு எனக்கு நகரவே இல்ல. நான் பாத்தது லேப்டாப்லதான், தியேட்டர் இருட்டுல அந்த மௌனம் வேற மாதிரி இருந்திருக்கலாம், அதனால அத அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

ஒண்ணு மட்டும், பிரான்ஹாவுல ரத்தமும் உண்டு, ஆடை கொறஞ்ச சீனும் உண்டு, சின்னப் பிள்ளையள கீழ தூங்கப் போட்டுட்டு ஆரம்பிங்க. மான்ஸ்டர்ஸ், பொறுமையா பாக்குத ஆளு ஒண்ணு ரெண்டு பேரு மட்டும் இருக்கும்போது வச்சிக்கிடுங்க.