திறந்த தட்டா, மூடிய பெட்டியா? ஹெர்மன் ஆமைக்குஞ்சை வீட்டுக்குள் வளர்ப்போருக்கான ஓர் ஒப்பீடு

முட்டையை உடைத்து வெளிவரும் ஹெர்மன் ஆமைக்குஞ்சின் எடை ஏறத்தாழ 10 முதல் 15 கிராம்தான். அதன் ஓடு ஒரு தீப்பெட்டியின் நீளத்தைக்கூட எட்டாது. ஸ்பெயின் தொடங்கி பால்கன் நாடுகள் வரை மத்தியதரைக் கடலின் வடகரையை ஒட்டி வாழும் இந்த நில ஆமை, பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வளர்ப்போரிடமே முட்டையிட்டுப் பெருகி, உரிய சான்றிதழோடு கைமாறுகிறது. அந்நாடுகளின் மழையும் குளிரும் குஞ்சுக்கு ஒத்துவராதவை என்பதால், கோடையின் நல்ல நாட்கள் நீங்கலாக, முதல் ஓரிரு ஆண்டுகளை அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கழிக்கிறது. அந்த வசிப்பிடம் மேற்கூரையற்ற திறந்த மரத் தட்டாக இருக்க வேண்டுமா, நாற்புறமும் மேலும் அடைத்த பெட்டியாக இருக்க வேண்டுமா என்பதில் வளர்ப்போர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். விளக்கு, படுகை மண், குளிர்கால உறக்கம் ஆகியவை பற்றிய கருத்து வேறுபாடுகளும் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் முட்புதர்க் காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. 2019இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு அதன் பன்னாட்டு வணிகத்தையும் தடைசெய்யும் பட்டியலுக்கு மாற்றியது. மீன் தொட்டிக் கடைகளில் விற்கப்படும் செங்காது ஆமையோ நீர்வாழ் இனம். கீழே சொல்லப்படுபவை அதற்குப் பொருந்தா. இந்த ஒப்பீடு, சட்டப்படி ஹெர்மன் ஆமையை வாங்க இயலும் குளிர்நாடுகளின் வீடுகளை மனத்தில் கொண்டே எழுதப்படுகிறது.

திறந்த தட்டும் மூடிய பெட்டியும்

திறந்த தட்டுக்கு ஆதரவான வாதம் அனுபவத்தில் பிறந்தது. காற்று நுழையாத கண்ணாடித் தொட்டிகளில், போதிய வெப்பமின்றி, நனைந்த படுகையில் வளர்க்கப்பட்ட ஆமைகளுக்கு மூக்கொழுகலும் நுரையீரல் அழற்சியும் வந்தன. கண்ணாடியின் ஊடே வெளியைக் கண்ட ஆமை, தடையைப் புரிந்துகொள்ளாமல் அதன் மீதே நாள் முழுக்க மோதிக்கொண்டும் இருந்தது. இதற்கு மாற்றாக, புத்தக அலமாரியை மல்லாக்கப் போட்டதுபோன்ற ஆழமற்ற மரத் தட்டை மேசை மேல் வைத்து, ஒரு மூலையில் விளக்கைத் தொங்கவிடும் முறை பிரிட்டனில் வேரூன்றியது. காற்றோட்டத்துக்கு அதில் குறையே இல்லை. ஒரு முனை 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனை 20 டிகிரி என்று வெப்பம் படிப்படியாகக் குறையும் அமைப்பையும் எளிதில் பெறலாம். செலவு குறைவு, துப்புரவு எளிது. வளர்ந்த ஆமைக்கு இன்றும் இதைக் குறைசொல்ல முடியாது.

குஞ்சுக்கு அப்படியல்ல, காரணம் ஈரப்பதம். இதை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சிறு கணக்கே போதும். குளிர்காலத்தில் வெளியே 5 டிகிரி வெப்பநிலையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் காற்றின் ஒரு கனமீட்டரில் சுமார் 5.4 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடேறினால், அதே நீராவி வெறும் 30 விழுக்காடு ஈரப்பதமாகிவிடுகிறது. ஆமை வெயில் காயும் விளக்கின் அடியில் 33 டிகிரியை எட்டும்போது அது 15 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. சமையலும் மனிதர் மூச்சும் சற்று ஈரம் சேர்க்கும் என்றாலும், கூரையற்ற தட்டில் விளக்கின் வெப்பத்தால் மேலெழும் காற்று படுகையின் ஈரத்தையும் கூடவே தூக்கிச் சென்றுவிடும். காலையும் மாலையும் நீர் தெளித்தாலும் ஒரு மணி நேரத்தில் மேல்மண் தூளாகிவிடுவதை வளர்ப்போர் எவரும் அறிவர்.

இயற்கையில் குஞ்சு இத்தகைய காற்றில் வாழ்வதில்லை. பெரிய ஆமை வெட்டவெளியில் நடமாடும். குஞ்சோ பகலின் பெரும்பகுதியைப் புதர் வேரடியிலும் இலைச் சருகுக்குள்ளும் புல் முடிச்சுக்கு அடியிலும், மண்ணின் ஈரம் தங்கிய இடத்தில் ஒடுங்கிக் கழிக்கிறது. மத்தியதரைக் கோடை வறண்டது என்பது உண்மைதான். ஆனால் அது வானிலை நிலையத்தின் அளவுகோலில் வறண்டதே தவிர, தரையோடு தரையாக மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வாழும் உயிரின் அளவுகோலில் அன்று.

இந்த வறட்சி ஓட்டில் தெரியும். ஒவ்வொரு செதிலும் கூம்பாகப் புடைத்து, முதுகு மேடுபள்ளமாவதற்கு மிகைப் புரதமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2003இல் வெளியான வீஸ்னர், ஈபன் ஆகியோரின் ஆய்வு, 50 ஆப்பிரிக்கச் சுல்காட்டா ஆமைக்குஞ்சுகளை ஐந்து மாதங்கள் வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தது. வறண்ட சூழலில் வளர்ந்தவற்றின் ஓடு கூடுதலாகப் புடைத்தது. புரத வேறுபாட்டின் விளைவு சிறிதளவே. அந்த ஆய்வு வேறோர் இனத்தைப் பற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஹெர்மன் குஞ்சுகளை வறண்ட தட்டிலும் ஈரமான பெட்டியிலும் வளர்த்தவர்களின் ஆமைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அதே போக்கு கண்ணுக்குத் தெரிகிறது. புடைத்த செதில் பின்னர் சமமாவதில்லை. ஹெர்மன் ஆமையின் ஆயுள் அரை நூற்றாண்டுக்கும் மேல் என்பதால், முதல் இரண்டு ஆண்டுகளின் தவறு அத்தனை காலமும் முதுகில் கூடவே இருக்கும்.

மூடிய பெட்டி இந்தக் குறையை நேராகத் தீர்க்கிறது. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன, முன்புறம் மட்டும் கண்ணாடிக் கதவு கொண்ட பெட்டியில் 60 முதல் 80 விழுக்காடு ஈரப்பதத்தை அதிக உழைப்பின்றித் தக்கவைக்கலாம். ஈரம் என்றால் நோய் என்ற பழைய அச்சத்துக்கு விடை, கேடு செய்வது குளிரோடு சேர்ந்த ஈரமே என்பதுதான். பகலில் வெப்பம் சரியாக இருந்து, இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் மூச்சுக் கோளாறு வருவது அரிது. ஆனால் பெட்டிக்கும் தனி ஆபத்து உண்டு, அதை விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை. பெட்டி சிறியதாக இருந்தால் விளக்கு முழு இடத்தையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஒதுங்கக் குளிர்ந்த மூலையில்லாத குஞ்சு சில மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடும். ஆகவே 120க்கு 60 சென்டிமீட்டருக்குக் குறையாத தரையளவும், இரு பக்கமும் காற்றுத் துளைகளும், இரு முனைகளிலும் வெப்பமானியும், வெப்ப விளக்கைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் இல்லாத பெட்டியைவிடத் தட்டே மேல்.

ஏற்கெனவே தட்டு வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விளக்கில்லாத பாதியை ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டால் மூடி, அதனடியில் ஈரப் பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்றை வைத்தால், ஈரம் ஓரளவு நிற்கும். இருப்பினும் புதிதாக வாங்குபவர் என்னைக் கேட்டால், ஓட்டின் நீளம் 8 முதல் 10 சென்டிமீட்டரை எட்டும் வரை பெட்டி, அதன் பின் தட்டு என்றுதான் சொல்வேன்.

விளக்கு: ஒன்றே போதுமா, இரண்டு வேண்டுமா

ஜன்னலோர வெயில் போதுமே என்று நினைப்பவர்களை முதலில் விலக்கிவிடலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. அந்தக் கதிர் தோலில் பட்டு, பின் உடல் வெப்பத்தின் துணையோடுதான் வைட்டமின் டி3 உருவாகிறது. அது இல்லையேல், எவ்வளவு சுண்ணாம்புச் சத்து ஊட்டினாலும் குடல் அதைச் சரிவர ஏற்காது. ஓடு மென்மையாகி, கால்கள் வலுவிழந்து, குஞ்சு நடக்கத் திணறும்.

பாதரச ஆவி விளக்கு வெப்பம், ஒளி, புற ஊதாக் கதிர் மூன்றையும் ஒரே குமிழில் தருகிறது. உயரத்திலிருந்து விளக்கைத் தொங்கவிடக்கூடிய பெரிய தட்டுக்கு அது நன்று. ஆனால் அதன் ஒளியை மங்கச் செய்ய முடியாது என்பதால் மங்கச்செய்யும் தெர்மோஸ்டாட்டோடு அதை இணைக்க இயலாது. சூடாக இருக்கையில் அணைத்துவிட்டால், ஆறும் வரை மீண்டும் எரியாது. 100 வாட், 160 வாட் என்று வரும் அக்குமிழைத் தாழ்வான மூடிய பெட்டிக்குள் மாட்டுவது விபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். குறுகிய கற்றையாக அது கொட்டும் வெப்பம் குஞ்சின் முதுகையே குறிவைத்து உலர்த்துவதால், மேலே சொன்ன புடைப்பையும் அது விரைவுபடுத்தக்கூடும்.

புற ஊதாக் கதிர் தரும் டி5 என்னும் மெல்லிய குழல் விளக்கும் தனியொரு ஹாலோஜன் வெப்ப விளக்கும் கொண்ட இணை, வாங்கும்போது விலை கூடியது. ஆனால் இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். குழல், பெட்டியின் பாதி நீளத்துக்குக் கதிரைப் பரப்புகிறது. மறுபாதி நிழலாக விடப்பட்டால், எவ்வளவு வேண்டும் என்பதை ஆமையே தீர்மானித்துக்கொள்ளும். ஊர்வன எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தாமே நாடுகின்றன என்பதைக் களத்தில் அளந்து 2010இல் கேரி ஃபெர்குசன் குழுவினர் நான்கு வகைகளாகப் பிரித்தனர். ஓரளவு திறந்தவெளியில் வெயில் காயும் மூன்றாம் வகையில் ஹெர்மன் ஆமை பின்னர் சேர்க்கப்பட்டது. நடைமுறையில், வெயில் காயும் கல்லின் மேல் புற ஊதாக் குறியீடு 3 முதல் 4 வரை இருக்குமாறு குழலின் உயரத்தை அமைப்பது வழக்கம். குழல் கண்ணுக்கு ஒளிர்ந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் குறைந்துவிடும். கதிரை அளக்கும் அளவுமானி இல்லாதவர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சுருள்வடிவச் சிறு குமிழ்கள் மலிவானவை. அவற்றின் கதிர் சில சென்டிமீட்டர் தள்ளினாலே தேய்ந்துவிடுவதால் அவற்றை இந்தப் போட்டியிலேயே சேர்க்கத் தோன்றவில்லை.

படுகையும் உணவும்

முயலுக்கு விற்கப்படும் உலர்ந்த உருண்டைகள், மரச் சீவல், வெறும் மணல் மூன்றும் ஈரத்தைத் தாங்கா. மணலை உணவோடு விழுங்கினால் குடலடைப்பும் நேரும். உரமோ பூச்சிக்கொல்லியோ கலவாத தோட்ட மண்ணோடு தேங்காய் நார்க்கழிவைக் கலந்து 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இட்டால், மேற்பரப்பு உலர்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் நிற்கும். குஞ்சு அதில் புதைந்து உறங்கும். பொள்ளாச்சிப் பகுதியில் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்யப்படும் அதே நார்க்கழிவுதான் ஐரோப்பியக் கடைகளில் ஊர்வனப் பிராணிகளின் படம் போட்ட உறையில் பன்மடங்கு விலைக்கு அமர்ந்திருக்கிறது. தோட்டக்கலைக் கடையில் உரம் சேர்க்காத கட்டியைக் கேட்டு வாங்குவோர் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

உணவில் பெருங்கடைக் கீரைக்கும் வேலியோரக் களைக்கும் இடையே போட்டியே இல்லை, களைதான் வெல்கிறது. டேண்டிலியன், வெள்ளைக் குளோவர், பிளான்டைன் எனப்படும் புல்வெளிச் செடி (நம் வாழைக்கும் அதற்கும் பெயரளவிலன்றித் தொடர்பில்லை), முசுக்கட்டை இலை, செம்பருத்தி இலையும் பூவும் ஆகியவை நார்ச்சத்தும் சுண்ணாம்பும் மிகுந்தவை. ஸ்பினாச் கீரையிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைக் கட்டிவிடும். தக்காளியும் பழங்களும் சர்க்கரையால் குடலைக் கெடுக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டை ஒரு மூலையில் போட்டுவைத்தால் குஞ்சு வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். தினமும் 15 நிமிடம், மேலோடும் அடியோடும் சேரும் விளிம்பு வரை நிற்கும் வெதுவெதுப்பான நீரில் அதை விடுவது, எந்த வசிப்பிடமானாலும் தவிர்க்கக்கூடாத வழக்கம்.

முதல் குளிர்காலம்

இயற்கையில் அந்த ஆண்டே பிறந்த குஞ்சும் மண்ணுக்குள் உறங்குகிறது என்பதைச் சுட்டி, முதல் ஆண்டிலிருந்தே உறங்கவிட வேண்டும் என்போர் ஒருபுறம். பச்சைக்குஞ்சிடம் சேமிப்பு ஏது என்று கேட்டு விழித்திருக்கச் செய்வோர் மறுபுறம். உறங்கவிடுவோர் இன்று பெரும்பாலும் நாடுவது 5 டிகிரியில் நிறுத்திய குளிர்பதனப் பெட்டியை. குடல் முழுதும் காலியான, நோயற்ற குஞ்சை மண் நிரப்பிய டப்பாவில் அதற்குள் வைத்து, காற்றுக்காகத் தினமும் கதவைத் திறந்து மூடி, வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்கு முன்பே எழுப்பிவிட வேண்டும். முறையாகச் செய்தால் இது ஆமையின் இயல்புக்கு நெருக்கமானது. 15 கிராம் குஞ்சில் ஒன்றரை கிராம் குறைந்ததைக் கண்டறிய நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசு தேவை என்பதையும், வெளியூர் செல்லும் வீடுகளில் கதவைத் திறக்க ஆள் இருக்காது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் முறையாக வளர்ப்போர், அந்த ஒரு குளிர்காலத்தை மட்டும் பெட்டிக்குள் 12 மணி நேர விளக்கோடு கடத்திவிடுவதில் பிழையில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பாதை தானாகவே நேர்ந்துவிடுகிறது, அதுதான் மிகக் கொடியது: விளக்கை அணைத்து, 12 முதல் 15 டிகிரி நிலவும் ஆளில்லாத அறையில் பெட்டியை வைத்துவிட்டு, குஞ்சு உறங்குகிறது என்று நம்புவது. அந்த வெப்பநிலையில் அது உண்ணும் அளவுக்கு விழித்திருப்பதுமில்லை, உடல் இயக்கம் ஓயும் அளவுக்கு உறங்குவதுமில்லை. சேமிப்பு மட்டும் நாள்தோறும் கரைகிறது.