பெண்களுக்கான ‘ஃபுல் பாடி செக்கப்’: 72 டெஸ்ட்டில் தேறுவது எத்தனை?

மார்ச் பிறந்தால் லேப் விளம்பரங்களுக்குக் குறைவிருக்காது. பெண்களுக்கான முழு உடல் பரிசோதனை, 72 டெஸ்ட், பாதி விலை, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், ரிப்போர்ட் வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும். வசதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சரக்குக்கு மதிப்பெண் போடத்தான் கை தயங்குகிறது.

முதலில் அந்த 72. சி.பி.சி. என்கிற ரத்த அணுச் சோதனைக்கு ஒரே ட்யூப், ஒரே மெஷின். பட்டியலில் மட்டும் இருபது வரிக்கு மேல் இடம் பிடிக்கும். கல்லீரல் சோதனை பத்துப் பன்னிரண்டு வரி. சிறுநீரில் நிறம், தெளிவு என்று கண்ணால் பார்ப்பதெல்லாம் தனித்தனி டெஸ்ட்டாகக் கணக்கில் ஏறும். கொழுப்புச் சோதனையில் வரும் விகிதங்கள் வெறும் வகுத்தல் கணக்கு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.கூடப் பல லேப்களில் அளந்து வருவதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு உதவாது, நேரடி எல்.டி.எல். கேட்டு வாங்க வேண்டும். ஆக, 72 என்பது ஏழெட்டுச் சோதனை: சில ட்யூப் ரத்தம், ஒரு டப்பா சிறுநீர்.

அந்த ஏழெட்டில் உருப்படியானவை உண்டு. ஹீமோகுளோபின் கட்டாயம் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது கணக்கு. இதோடு ஒட்டிய ஒரு சிக்கலைப் பேக்கேஜ் ரிப்போர்ட் சொல்லாது: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்.பி.ஏ.1.சி. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். 5.9 வந்தது என்று பயந்து சோற்றைக் குறைக்கும் முன், ஹீமோகுளோபின் வரியைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அதில் 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் வரம்பு. இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

வீட்டில் எடுக்கும் சாம்பிளுக்கு இரண்டு எச்சரிக்கை. சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடி ட்யூபில் போக வேண்டும். வேறு ட்யூபில் எடுத்து, வெயிலில் பைக் பெட்டியில் சுற்றினால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், எண் குறைந்து வரும். அடுத்தது, முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்தாவிட்டால் தைராய்டு முடிவு குழம்பும். பி.பி.யோ வீட்டுப் பேக்கேஜில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. கைச் சுற்றுப் பட்டையும் ஐந்து நிமிட ஓய்வும் மட்டுமே கேட்கிற சோதனை அது.

பெண்களுக்கென்று விற்கிற பேக்கேஜில் பெரிய ஓட்டை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை. ரத்தம் எடுக்க வருபவரால் அதைச் செய்ய முடியாது என்பதால் அது பட்டியலிலேயே இல்லை. அதே கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுக்குள் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. மற்ற மாநிலங்களைப் பார்க்கத் தேவலை, அவ்வளவுதான்.

மருத்துவமனைப் பேக்கேஜில் பாப் ஸ்மியர் இருக்கும், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்லை எடுத்துப் பார்க்கும் சோதனை. வீணாவது தேதி குறிப்பதில். மாதவிடாய் தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. உதிரப்போக்கு நாளில் போனால் ஸ்மியரை ஒத்திப்போடுவார்கள், சிறுநீரிலும் ரத்த அணு தெரிந்து தேவையில்லாத கவலை. முந்தைய 48 மணி நேரம் தாம்பத்தியமும், பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, க்ரீம், உள்ளே கழுவுதலும் கூடாது. ‘அன்சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று வந்தால் நார்மல் என்று அர்த்தமில்லை. போதிய செல் கிடைக்கவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். பலர் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்மியரைவிட, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை இருந்தால் அதையே கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதைத்தான் முதல் சோதனையாகப் பரிந்துரைத்தது: பொதுவாக 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கான முக்கிய ஆதாரம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு எச்.பி.வி. சோதனையே இந்தப் புற்றுநோய் மரணத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. விலை ஸ்மியரைவிடக் கூடுதல்தான். ஐந்து வருடத்துக்கு வகுத்துப் பாருங்கள், வருடாவருடம் வாங்கும் 72 டெஸ்ட்டைவிட மலிவு.

மார்பகத்துக்கு வருவோம். பல பேக்கேஜ்களில் வயது பாராமல் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயைச் சேர்த்துவிடுகிறார்கள். குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லாத, 40-க்குக் கீழான பெண்ணுக்கு அது தேவையில்லை. திசு அடர்த்தியாக இருப்பதால் படமும் தெளிவாக வராது. 40-க்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழுவின் 2024 பரிந்துரை. மாதவிடாய் முடிந்த வாரம் போனால் வலி குறையும். அக்குளில் பவுடரும் டியோடரண்டும் வேண்டாம், படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரியும். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்கிற தர எண் 0 என்றால் ‘ஒன்றுமில்லை’ அல்ல, ‘இன்னும் படம் வேண்டும்’. பழைய ஃபிலிமைக் கையோடு எடுத்துப் போவது பாதி பதற்றத்தைத் தவிர்க்கும்.

மேமோகிராம் எட்டாத இடத்தில் பயிற்சி பெற்றவர் கையால் தடவிப் பார்ப்பதும் மட்டமல்ல. மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை இருபது ஆண்டு நடத்திய ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ததால் 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் முப்பது சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

பிளாட்டினம், டைமண்ட் என்று விலை ஏறும்போது சேர்வதில் பாதி தண்டம். சி.ஏ.125 என்கிற ரத்தச் சோதனை முதல் குற்றவாளி. அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களிடம் சினைப்பைப் புற்றுநோய் தேட அது உதவாது. ஃபைப்ராய்டு எனும் கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பை உள்திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், ஏன் மாதவிடாய்கூட அதை ஏற்றிவிடும். பிறகு ஸ்கேன், மறு ஸ்கேன், ஒரு மாதத் தூக்கம் போச்சு. குதிகாலில் வைத்துப் பார்க்கும் எலும்புச் சோதனை, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஆகாது. டெக்ஸாவும் பொதுவாக 65 வயதில்தான், சீக்கிரம் மாதவிடாய் நின்றவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு முன்பே.

சரி, காசு கொடுக்காமல் கிடைப்பது எப்படி? 30 வயது தாண்டிய பெண்களுக்கு பி.பி., சர்க்கரை, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய ஐந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பி.பி.யையும் சர்க்கரையையும் வாசல்வரை கொண்டுவந்தது. பட்டியல் சின்னதுதான், ஆனால் 72-இல் விடுபட்டவை இதில் இருக்கின்றன. கர்ப்பப்பை வாய்க்கு இங்கே வி.ஐ.ஏ. முறை: நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று நர்ஸ் பார்ப்பார். எளிய முறைதானே என்று ஒதுக்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இந்த ஒரே சோதனை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைத்தது.

குறைகளும் உண்டு. பார்ப்பவரின் கண்ணை நம்பிய சோதனை இது, ஆளுக்கு ஆள் மாறும். மாதவிடாய் நின்றவர்களுக்கு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் சரிப்படாது, அவர்கள் எச்.பி.வி. அல்லது ஸ்மியருக்குப் போவது நல்லது. காலையில் கூட்டம் நெரியும். திரை, கதவு எல்லாம் இடத்துக்கு இடம் வேறு.

பெரிய கசிவு அதற்குப் பிறகு. வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளில்லை. கால்போஸ்கோபி என்கிற உருப்பெருக்கிக் கருவிச் சோதனையில் பார்த்து, தேவைப்பட்டால் அந்த இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ சில நிமிடத்தில் சரிசெய்யலாம். அதற்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கேதான் பலர் போகாமல் நின்றுவிடுகிறார்கள். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பதிவேட்டில் வீட்டுக்காரர் எண்ணுக்குப் பதிலாக, நீங்களே எடுத்துப் பேசும் போன் எண்ணைக் கொடுங்கள்.