ஆல்ட்ரா எஸ்கலான்ட்: பூஜ்ய டிராப் யாருக்குப் பொருந்தும்?

ஓட்டத்துக்கான ஷூவில் பாதத்தின் கீழே குதிகால் பக்கம் இருக்கும் உயரத்துக்கும் முன்பாதப் பக்கம் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டையே டிராப் என்கிறார்கள். புரூக்ஸ் கோஸ்ட் 16 ஷூவில் அது 12 மி.மீ., சாக்கனி கின்வாராவில் 4 மி.மீ. ஆல்ட்ரா நிறுவனத்தின் எஸ்கலான்ட் ஷூவில் அது பூஜ்யம்.

பூஜ்யம் என்றதும் வெறுங்காலில் ஓடுவது போன்ற மெல்லிய அடிப்பாகத்தைப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். எஸ்கலான்டின் அடியிலோ அன்றாடப் பயிற்சிக்குப் போதுமான மெத்தை இருக்கிறது. குதிகாலில் 32, முன்பாதத்தில் 27 மி.மீ. கொண்ட தடித்த ஷூவுக்கும், 15, 10 கொண்ட மெல்லிய ஷூவுக்கும் டிராப் 5 மி.மீ.தான் என்பதால், இந்த எண்ணை மட்டும் வைத்து மென்மையைக் கணிக்க முடியாது.

அணிந்து நிற்கும்போது பெரிய வித்தியாசம் எதுவும் தெரிவதில்லை. ஓடும்போதுதான், குதிகாலுக்கு அடியில் முட்டுக்கொடுத்த உயரம் இல்லாததால், கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாணும் கூடுதலாக நீண்டு உழைக்கின்றன. மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கினால் கெண்டைக்காலில் ஓர் இறுக்கம் பிடித்து இழுக்கும். டிராப் அதிகமுள்ள ஷூவில் இந்தப் பகுதிக்கு ஓய்வு கிடைத்தாலும் முழங்காலுக்கு வேலை கூடுகிறது. எனவே ‘இயற்கையான ஓட்டம்’ என்ற விளம்பர வாசகத்தை நான் பொருட்படுத்துவதில்லை. எந்த மூட்டுக்கு, எந்தத் தசைக்குச் சுமையைத் தாங்கும் வலு இருக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அடிப்பாகத்தின் மென்மையான நுரை மிதிக்கும்போது அமுங்குவதாலும், குதிகாலை முதலில் ஊன்றுபவர்களின் ஷூ அந்த இடத்திலேயே தேய்வதாலும், பெட்டியில் அச்சிட்ட டிராப்பும் ஓடும்போது கிடைக்கும் டிராப்பும் ஒன்றாகவே இருப்பதில்லை. ஆகவே ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 12-லிருந்து பூஜ்யத்துக்குத் தாவுவதே கவலைக்குரியது.

எஸ்கலான்டில் எனக்கு டிராப்பைவிடப் பிடித்தது அதன் அகன்ற முன்பகுதி. பெருவிரல் உள்நோக்கி நசுங்காமல் நேராக நீட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஒடுங்கிய பாதம் உடையவர்களுக்கு அதே இடம் தொளதொளவென்று தோன்றலாம்.

முழங்கால் அடிக்கடி முனகுபவர்களும், ஏற்கெனவே தாழ்ந்த டிராப்பில் ஓடிப் பழகியவர்களும் இதைத் தாராளமாக முயன்று பார்க்கலாம். குதிநாணில் வலி உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 10, 12 மி.மீ. ஷூவில் ஓடிவருபவர்கள் பழைய ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாமல், குறுகிய தூரங்களுக்கு மட்டும் இதை அணிந்து, கெண்டைக்கால் பழகப் பழகத் தூரத்தைக் கூட்டுவது நல்லது.