நீரில் களைக்கொல்லி எச்சம்: பிரிபுனலா, கார்ட்ரிட்ஜா?

குடிநீரில் எந்தவொரு தனிக் களைக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அவ்வளவு சிறிய அளவை நம்பிக்கையோடு அளக்க வேண்டுமானால், பெரும்பாலும் நீரிலுள்ள எச்சத்தை முதலில் பிரித்தெடுத்துச் செறிவூட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் படியில் தொலைந்துபோனதை எவ்வளவு நுட்பமான கருவியாலும் மீட்க முடியாது என்பதால், எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் தேவை.

பழைய வழி திரவ-திரவப் பிரித்தெடுப்பு. ஒரு லிட்டர் நீரைப் பிரிபுனலில் (அடியில் திறந்து மூடும் குழாயுள்ள கண்ணாடிக் கலத்தில்) ஊற்றி, 60 மி.லி. டைகுளோரோமீத்தேன் சேர்த்துக் குலுக்கி, இடையிடையே குழாயைத் திறந்து ஆவியழுத்தத்தை வெளியேற்றி, அடியில் தங்கும் கரைப்பான் அடுக்கை வடித்தெடுக்க வேண்டும். இதையே மூன்று முறை செய்ய வேண்டும். அட்ரசின், அலாகுளோர் போன்ற மின்னூட்டமற்ற சேர்மங்கள் இதில் நன்றாகவே வெளிவருகின்றன. 2,4-டி போன்ற அமிலக் களைக்கொல்லிகளோ நீரின் பி.எச். மதிப்பை 2-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் கரைப்பானுக்கு மாறும். மட்கிய கரிமப்பொருள் மிகுந்த நீரில் இரு அடுக்குகளுக்கும் நடுவே வெண்ணிறப் பால்மம் திரண்டு, மணிக்கணக்கில் பிரியாமல் நிற்பதுண்டு. அப்போது உப்பைச் சேர்த்தோ மையவிலக்கியில் சுழற்றியோதான் அதை உடைக்க முடியும். மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் கரைப்பானை ஒரு மாதிரிக்கு 180 மி.லி. செலவிடுவதுதான், என் பார்வையில், இம்முறையின் பெருங்குறை.

திண்மநிலைப் பிரித்தெடுப்பில் அதே ஒரு லிட்டர் நீர், சில நூறு மில்லிகிராம் உறிஞ்சுபொருள் அடைத்த கார்ட்ரிட்ஜ் வழியாக மெல்ல இறங்குகிறது. பிடிபட்ட எச்சத்தைக் கழுவியெடுக்கப் பத்து மி.லி. அளவு கரைப்பானே போதும். பல மாதிரிகளை ஒரே நேரத்தில் ஓட்டவும் முடிகிறது. ஆனால் கவனக்குறைவுக்கு இதில் இடமில்லை. மெத்தனாலால் நனைத்த சி-18 கார்ட்ரிட்ஜ் (18 கார்பன் நீளச் சங்கிலிகள் பிணைத்த, நீரை வெறுக்கும் சிலிக்கா அடைத்தது) நீர் ஊற்றுவதற்கு முன் காய்ந்துவிட்டால் பிடிப்பு குறைகிறது. நீரை வேகமாக இழுத்தால் சேர்மம் நிற்காமல் கடந்துவிடுகிறது. அட்ரசின் சிதைந்து உருவாகும் டீஐசோப்ரோப்பில் அட்ரசின் நீர்நாட்டம் கூடியது என்பதால், அட்ரசினை முழுதாகப் பிடிக்கும் அதே சி-18 அதைப் பெருமளவு நழுவவிடக்கூடும். சிதைவுப் பொருள்களையும் அளக்கிறவர்கள் நீர்நாட்டமும் கொழுப்புநாட்டமும் சேர்ந்த பாலிமர் உறிஞ்சுபொருளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கலங்கல் நீர் வந்தால் நிலைமை மாறுகிறது. சேறு கார்ட்ரிட்ஜை அடைத்துவிடும் என்பதற்காக வடிகட்டினால், துகள்களில் ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ள டிரைஃப்ளூரலின் என்ற களைக்கொல்லி வடிதாளிலேயே தங்கிவிடுகிறது. அத்தகைய மாதிரிகளுக்குப் பிரிபுனலையே நான் விரும்புகிறேன். வடிதாளைத் தனியே கரைப்பானில் கழுவிச் சேர்ப்பதும் சரியான வழிதான். எந்த முறையானாலும், சாற்றை நைட்ரஜன் ஓட்டத்தில் வற்றவைக்கும்போது முற்றிலும் உலரவிடக்கூடாது, ஏனெனில் எளிதில் ஆவியாகும் டிரைஃப்ளூரலின் அங்கேயும் குறைந்துபோகும்.

கரைப்பானே வேண்டாம் என்போருக்கு, 1990-இல் பாவ்லிஷினும் ஆர்தரும் அறிமுகப்படுத்திய திண்மநிலை நுண்பிரித்தெடுப்பு இருக்கிறது. பூச்சிட்ட மெல்லிய இழையை நீரில் அமிழ்த்தி, நேரே வாயு நிறவரைவியில் (சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் கருவியில்) செலுத்துவார்கள். இழை ஏற்பது சேர்மத்தின் ஒரு பங்கையே என்பதால், வெப்பநிலை, நேரம், கிளறும் வேகம் ஆகியவற்றை மாறாமல் காத்தால்தான் முடிவை நம்பலாம்.

இவை எல்லாமே கைவிடும் சேர்மங்களும் உண்டு. கிளைஃபோசேட் கரிமக் கரைப்பானுக்கு வரவே வராது. நீரிலேயே, காரத்தன்மையுள்ள போரேட் தாங்கலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்), ஃப்ளூரினைல்மெத்தில் குளோரோபார்மேட் என்ற வினைபொருளோடு வினைபுரியச் செய்த பிறகே வழக்கமான முறைகள் அதைக் கையாள்கின்றன. நேர்மின் அயனியான பாராகுவாட்டுக்கு நேரயனிப் பரிமாற்றக் கார்ட்ரிட்ஜ் வேண்டும். அதோடு, அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மாதிரியைத் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் புட்டியில் எடுத்திருக்கவும் வேண்டும்.