மேலாண்மை மாணவர் என்ன கற்றார்: பொதுத் தேர்வா, பாடத்துக்குள் மதிப்பீடா?

மேலாண்மைக் கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஏ.ஏ.சி.எஸ்.பி. அமைப்பு, மாணவர் உண்மையில் எதைக் கற்றார் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என 2003இல் தன் விதிகளைத் திருத்தியது. அதற்குக் கல்லூரிகள் பெரிதும் நாடும் வழிகள் இரண்டு: வெளி நிறுவனம் நடத்தும் பொதுத் தேர்வு ஒன்று, பாடத்தில் மாணவர் எப்படியும் செய்யும் பணியையே வரையறுத்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது மற்றொன்று.

பொதுத் தேர்வின் பலம் ஒப்பிட முடிவதுதான். இளநிலை வணிகப் படிப்புக்கென அமெரிக்கத் தேர்வு நிறுவனமான ஈ.டி.எஸ். உருவாக்கிய மேஜர் ஃபீல்டு தேர்வில் 120 கொள்குறி வினாக்களுக்கு இரண்டு மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். கணக்கியலிலும் நிதியிலும் சந்தைப்படுத்தலிலும் தம் மாணவர் பிற கல்லூரி மாணவரோடு பார்க்கையில் எங்கே நிற்கின்றனர் என்பது அதில் தெரிந்துவிடும். ஆசிரியருக்குத் திருத்தும் சுமையும் இல்லை. ஆனால் முரண்பட்ட தகவல்களுக்கு நடுவே ஒரு முடிவை எடுத்து, அதை ஏற்க மறுப்பவருக்கு விளக்கும் திறனைக் கொள்குறி வினா தொடுவதே இல்லை. மதிப்பெண் பட்டத்தைப் பாதிக்காது என்றால் மாணவர் மனம் வைத்து எழுதுவார் என்றும் எதிர்பார்க்க இயலாது.

இரண்டாவது வழியைச் சொன்னதும், ஏற்கெனவே உள்ள மதிப்பெண் பட்டியல் போதாதா என்ற கேள்வி எழும். போதாது; வருகைப் பதிவு, குழுப் பணி, தேர்வு எல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிட்ட பிறகு, மாணவர் எதில் தேறினார், எதில் தடுமாறினார் என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. நட்டத்தில் இயங்கும் நிறுவனம் பற்றிய இறுதியாண்டு ஆய்வறிக்கையில், சிக்கலை இனங்காணுதல், சான்றுகளை எடைபோடுதல், மாற்று வழிகளை ஒப்பிடுதல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலைகளை எழுதிவைத்து மதிப்பிட்டால் அந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும்.

இதிலும் குறை உண்டு. ஒரே அறிக்கைக்கு இரு ஆசிரியர் இரு நிலைகளைத் தரக்கூடும். எனவே சில மாதிரி அறிக்கைகளை எல்லோரும் சேர்ந்து திருத்தி அளவுகோலின் பொருளில் உடன்பட்ட பின்னரே, பாடம் நடத்தாத ஒருவரும் தனியாக மதிப்பிட வேண்டும். குழு அறிக்கையாக இருந்தால், ஒவ்வொருவரும் கற்றதைத் தனியே அறிய நேர்காணல் இன்றியமையாதது.

வேறு சான்றுகள் இவற்றுக்கு ஈடாகா: மாணவர் கருத்துக் கணிப்பு, கற்றதாக அவர் நினைப்பதையே கூறும். வேலைவாய்ப்புச் சம்பளம், கல்லூரியைக் காட்டிலும் சந்தையின் நிலவரத்தையே கூறக்கூடும்.

அடிப்படைப் பாட அறிவைச் சரிபார்க்கப் பொதுத் தேர்வு இருந்துவிட்டுப் போகட்டும். பாடத்திட்டத்தைத் திருத்த எண்ணும் கல்லூரிக்கு என் பரிந்துரை இரண்டாவது வழியே. மாற்று வழிகளை ஒப்பிடுவதில் பெரும்பாலோர் பின்தங்கினால், முதலாண்டுப் பாடத்திலேயே அதற்கான பயிற்சியைச் சேர்த்து, அடுத்து வரும் மாணவர் அணியை அதே அளவுகோலால் மீண்டும் அளந்து பார்க்கலாம்.