அடி தாங்கும் டூல் ஸ்டீல்: எஸ்1, எஸ்5, எஸ்7 ஓர் ஒப்பீடு

பெங்களூரு பீன்யாவின் சிறு பட்டறைகளில் ஓசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் தமிழர் பலர். தகட்டில் துளையடிக்கும் கருவியான பஞ்சின் முனை போய்விட்டால் எங்களிடையே முதலில் எழும் பேச்சு, ஹார்டனிங் (எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) போதவில்லை என்பதே. முனை மழுங்கிப் போயிருந்தால் அந்தப் பேச்சு சரி. முனை சில்லாகப் பெயர்ந்தோ குறுக்கே முறிந்தோ போயிருந்தால், கடினத்தை மேலும் கூட்டுவது அடுத்த பஞ்சையும் முறிப்பதற்கான வழி. ஆகவே எஃகைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உடைந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாம் வழக்கமாகக் கை வைக்கும் டி2 எஃகில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். இவை சேர்ந்து உண்டாக்கும் பெரிய கார்பைடு துகள்கள் (கார்பனும் உலோகமும் சேர்ந்த மிகக் கடினமான துகள்கள்) தேய்மானத்தை அருமையாகத் தாங்குகின்றன. 1 மில்லிமீட்டர் தகட்டில் லட்சக்கணக்கில் துளையிட வேண்டுமென்றால் இங்கே பேசப்படும் வேறு எந்த எஃகும் அதற்கு ஈடாகாது. ஆனால் 10 மில்லிமீட்டர் தகட்டை அடிக்கும்போது, அதே துகள்களின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்குகிறது. நான் முன்பு வேலை செய்த பட்டறையில் 60 ராக்வெல் (கடினத்தை அளக்கும் அளவுகோல்) வரை ஏற்றிய டி2 பஞ்சுகள் ஒரே வாரத்தில் மூன்று முறிந்தன. முறிந்த முகத்தில் தேய்மானத்தின் சுவடே இல்லை.

எஸ் வகை எஃகுகள் இப்படிப்பட்ட அடியைத் தாங்குவதற்காகவே உருவானவை. கார்பன் ஏறத்தாழ 0.5 சதவீத அளவிலேயே இருப்பதால் பெரிய கார்பைடுகள் மிகக் குறைவு. கடினத்தைப் பெரும்பாலும் 54 முதல் 58 ராக்வெல்லுக்குள் வைத்துக்கொண்டு, மீதியை அடி தாங்கும் திறனாகப் பெறுகிறோம். எஸ்1, எஸ்5, எஸ்7 மூன்றும் ஒரே குடும்பம் என்றாலும் குணம் வேறு.

எஸ்1 எஃகில் 1.5 முதல் 3 சதவீதம் வரை டங்ஸ்டன் உண்டு. அதனால் கூர்மை சற்றுக் கூடுதலாக நிற்கும். உளி, தகடு வெட்டும் பிளேடு ஆகியவற்றுக்குப் பொருத்தமானது. கடினமாக்கச் சூடேற்றி எண்ணெயில் தோய்க்க வேண்டும்.

எஸ்5 எஃகின் பலம் சுமார் 2 சதவீத சிலிக்கான். டெம்பரிங்கின்போது (கடினமாக்கிய எஃகை மிதமாக மறுபடி சூடாக்கும்போது) சிமென்டைட் எனும் இரும்புக் கார்பைடு உருவாவதைச் சிலிக்கான் தள்ளிப்போடுவதால், எஃகு நொறுங்கும் தன்மை பெறும் வெப்ப எல்லையும் மேலே நகர்கிறது; எனவே நல்ல கடினத்தோடு நல்ல உறுதியும் கிடைக்கிறது. அதே சிலிக்கான்தான் உலையில் தொல்லையும் தருகிறது. காற்றுப் படும் சாதாரண உலையில் மேற்பரப்புக் கார்பன் வெளியேறி மென்மையான தோல் ஒன்று படிந்துவிடும். அதைத் தேய்த்தெடுக்க அளவு விட்டு வைக்காதவர் அந்தப் பஞ்சை இழப்பார். எண்ணெயில் தோய்ப்பதால் வடிவமும் ஓரளவு திருகும். நேரான, எளிய உருவமுள்ள காற்றழுத்தச் சுத்தியல் உளிக்கு இதையே நான் சொல்வேன்.

சிக்கலான உருவமுள்ள பஞ்ச் என்றால் என் தேர்வு தயக்கமின்றி எஸ்7. குரோமியம் 3 சதவீதத்துக்குச் சற்று மேலும், மாலிப்டினம் 1.4 சதவீத அளவிலும் இருப்பதால், சுமார் 940 டிகிரி செல்சியஸில் வைத்தெடுத்து வெறும் காற்றில் ஆறவிட்டாலே அது கடினமாகிறது. வளைவும் அளவு மாற்றமும் மிகக் குறைவு. ஏறத்தாழ 65 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனானால் மட்டும், சிவப்பு மறையும் வரை எண்ணெயில் வைத்துப் பிறகு காற்றில் ஆறவிடுவது வழக்கம். சூட்டில் இளகாமல் நிற்பதால் பிளாஸ்டிக் மோல்டுகளிலும் இதைக் காணலாம். தேய்மானத்தில் இது டி2-க்கு அருகில்கூட வராது. நீண்ட ஓட்டத்தில் முனையை அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

எந்த எஸ் எஃகானாலும், கூரான உள்மூலையும் வயர்கட் (மின்பொறி பாயும் கம்பியால் வெட்டும் முறை) விட்டுச் செல்லும் வெள்ளைப் படலமும் அதன் பலனைப் பாழாக்கும். மூலைக்கு ரேடியஸ் கொடுத்துப் படலத்தைத் தேய்த்தெடுக்க வேண்டும். எஸ்7 கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது சுமார் 60 டிகிரிக்கு இறங்கியதுமே டெம்பரிங் உலைக்குள் போக வேண்டும்; மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேசைமேல் வைத்த துண்டு, இரவிலேயே விரிசல் விட்டுவிடக்கூடும்.