தூளி ஆட்டும் மோட்டார்: வாங்கி ஏழு மாதத்துக்குப் பிறகு

எங்கள் மகளுக்கு நான்கு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, இரவெல்லாம் தூளி ஆட்டியதில் என் மனைவிக்கும் அம்மாவுக்கும் தோள்பட்டை வலி வந்துவிட்டதால், ஸ்பிரிங்கில் தொங்கும் தூளியைத் தானாக ஆட்டும் மோட்டார் ஒன்றை வாங்கினோம். கூரைக் கொக்கியில் மாட்டி, அதன் கீழே ஸ்பிரிங்கையும் சேலைத் தூளியையும் தொங்கவிட வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும், குறித்த நேரத்தில் தானே நிற்கும் வசதியும் உண்டு. சத்தம் குறைவு, மின்செலவும் பெரிதில்லை. பத்து நிமிடத்தில் பிள்ளைக்குக் கண் செருகிவிடும். அந்த அளவில் இதைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் மூன்றாவது வாரத்தில் தொடங்கியது. மோட்டார் நின்ற சற்று நேரத்தில் அவள் விழித்து அழுதாள். மின்வெட்டு வந்தாலும் அழுதாள். கைக்குழந்தையின் உறக்கம் ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடச் சுற்றுகளாக அமைவதால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்புத் தட்டுவது இயல்பு. கண்ணயரும்போது எது உடன் இருந்ததோ, அதையே அப்போதும் பிள்ளை தேடும். அவள் ஆட்டத்தைத் தேடினாள், நாங்கள் நேரக்கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு விடியும்வரை ஓடவிட்டோம். கையால் ஆட்டும்போது இப்படி நேர்ந்ததில்லை. ஆட்டுகிற கை அசந்துபோய் நடுவில் நின்றுவிடும், அந்த நிறுத்தத்திலேயே பிள்ளை ஆட்டமின்றி உறங்கவும் பழகிக்கொள்ளும். மோட்டாரோ அசருவதே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். தூளியில் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் படியும்போது, கழுத்து நிற்காத சிசுவின் மூச்சுப்பாதை குறுகக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், ஒரு வயது வரை குழந்தையைச் சரிவில்லாத, அமுங்காத, தலையணையற்ற படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்றே கூறுகிறது. மோட்டாருடன் வந்த குறிப்பேட்டில் இரவு முழுவதும் ஓட்டலாம் என்று பெருமையாக அச்சிட்டிருந்தவர்கள், இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

அதன்பின் மோட்டாரின் வேலையைக் குறைத்தோம். மாலை ஏழரைக்கு வெந்நீரில் உடம்பு துடைத்து, விளக்கைத் தணித்து, பால் கொடுத்து, குறைந்த வேகத்தில் பத்தே நிமிடம் ஆட்டிவிட்டு, கண் முழுதாக மூடுவதற்கு முன்பே பாயில் விரித்த கெட்டியான மெத்தையில் கிடத்தி, மார்பில் தட்டிக்கொடுத்தபடி அம்மா தாலாட்டுவார். முதல் நான்கு இரவுகள் அழுகைதான், "பச்சைப் பிள்ளையை இப்படியா வதைப்பது?" என்று அம்மாவே கலங்கினார். யாரும் அவளைத் தனியே அழவிடவில்லை, பக்கத்திலேயே இருந்தோம். பத்தாம் நாள் வாக்கில் அவளே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருக்களித்துத் தூங்கினாள். இப்போது பதினொரு மாதம். இரவில் ஒருமுறை பாலுக்கு எழுகிறாள். பகல் தூக்கத்தையும் சேர்த்தால் பதின்மூன்று மணி நேரம் வருகிறது. இந்த வயதுக்கு 12 முதல் 16 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த அளவு.

ஆகவே, பகலில் ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் நேரத்தில், அழும் பிள்ளையை அமர்த்துவதற்கு மட்டும் இதை வாங்கலாம். இரவுத் தூக்கத்துக்காக என்றால் வேண்டாம். வாங்குவோர் ஸ்பிரிங்குக்குத் துணி உறை போடுங்கள், இல்லையேல் பிஞ்சு விரல் சிக்கும். சேலை முகத்தில் மூடாதபடி தொட்டில் கம்பைக் கட்டாயம் செருகுங்கள். பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கிய அன்றே தூளியைக் கழற்றிவிடுங்கள். நாங்கள் எட்டாம் மாதத்தில் கழற்றினோம், மோட்டார் இப்போது பரணில் இருக்கிறது.